தாடைப்பட்டி ஐஸ் பேக்: மூன்றாம் நாள் ஒற்றை நட்சத்திரம் போட இருந்தேன்

கீழ்த்தாடையில் வலப்பக்க ஞானப்பல் படுத்தவாக்கில் வளர்ந்து பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லை இரண்டு துண்டாக்கி எடுத்தார்கள். அதற்கு முந்தைய வாரமே இந்தப் பட்டியை வாங்கி வைத்துவிட்டேன். எனக்குப் பயம் வந்தால் பொருள் வாங்குவேன்.

மோவாய்க்கு அடியில் போய் உச்சந்தலையில் ஒட்டிக்கொள்ளும் துணிப்பட்டி. கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு பைகள், அவற்றில் செருக நான்கு ஜெல் பொட்டலங்கள். கட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தால் சிரிப்பு வரும். அன்றைக்குச் சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும்.

பெட்டியில் 'இரண்டு மணி நேரம் குளிர்ச்சி' என்று போட்டிருக்கிறார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் வெதுவெதுத்துவிடுகிறது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் சொன்னதே இருபது நிமிடம் வை, இருபது நிமிடம் எடு என்றுதான். எனக்கு ஒரு கன்னம் மட்டும் என்பதால் நான்கு பொட்டலமும் முறைபோட்டு வந்தன. உறைவதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கையில் பிடிக்காமல் தலையணையை உயர்த்திச் சாய்ந்து கிடக்க முடிந்ததே, அதற்கு மட்டும் முழு மதிப்பெண்.

துணி மெல்லிசு என்பது நிஜமான குறை. ஊசி மருந்தில் உதடும் கன்னமும் மரத்துக் கிடக்கும் முதல் சில மணி நேரம் சில்லிப்பே உறைக்காது. கழற்றினால் தோல் ரத்தச் சிவப்பாக இருந்தது. அப்புறம் உள்ளே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன். இதைப் பெட்டியில் எங்கேயும் எழுதவில்லை.

'வலிக்கு முடிவு' என்ற வாசகத்தை நம்ப வேண்டாம். எனக்கு வலியைப் பிடித்து வைத்தது மாத்திரைதான்: இப்யூபுரூஃபன் 400, பாராசிட்டமால் 500, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி. மரப்பு விடுவதற்கு முன்பே முதல் வேளையைப் போட்டுவிட்டது நல்லதாகப் போயிற்று. (வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் இப்யூபுரூஃபனைக் கேட்காமல் தொடாதீர்கள்.)

மூன்றாம் நாள் காலையில் கன்னம் முந்தின நாளைவிடப் பெரிதாகியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. இரண்டு நாள் சிரத்தையாகக் கட்டியும் இப்படியா என்று போனை எடுத்து ஒற்றை நட்சத்திரத்தில் விரலையும் வைத்துவிட்டேன். மேஜையில் டாக்டர் கொடுத்த தாள் கிடந்தது. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், ஐஸ் முதல் 48 மணி நேரத்துக்குத்தான், பிறகு இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடு என்று அதில் இருந்தது. பட்டியின் மேல் தப்பில்லை. தாளைப் படிக்காத என் மேல்தான்.

பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: இதே பொட்டலங்களை வெந்நீரில் போட்டுச் சூடேற்றியும் பயன்படுத்தலாமாம். அதைத்தான் முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருக்க வேண்டும். சூடு வைக்க ஆரம்பித்ததும் இறுகிக் கிடந்த தாடை இளகியது. ஐந்தாம் நாள் இரண்டு விரல் நுழைந்தது.

ஒரு எச்சரிக்கை. மூன்று நான்கு நாள் கழித்து வலி குறையாமல் ஏறி, காதுவரை தெறித்து, வாயில் கெட்ட வாடையும் வந்தால் அது பல் குழியில் ரத்தக்கட்டி பெயர்ந்ததாக இருக்கலாம். அதற்கு எந்தப் பட்டியும் உதவாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். அந்தப் பயத்தில் ஒரு வாரம் ஸ்ட்ராவைத் தொடவில்லை, எச்சிலைக்கூட வேகமாகத் துப்பவில்லை.

ஆறாம் நாள் ஒரு பொட்டலம் ஓரத்தில் கசிந்தது. வெல்க்ரோ கழற்றும்போதெல்லாம் நாலு முடியைப் பிடுங்கியது. ஒரு பக்கம் மட்டும் எடுப்பவர்களுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியே போதும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் என்றால் வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை. எனக்கு இடப்பக்கம் இன்னும் பாக்கி. மிச்ச மூன்று பொட்டலங்களையும் ஃப்ரீசரிலிருந்து எடுக்கவில்லை.