குழந்தைங்களோட பப்புக்கா? வாப்பிங் ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பிக்கு தாராளமா போங்க

பப்னாலே குடிக்கிற இடம், குடும்பத்தோட போற இடம் இல்லன்னு நம்மாளுங்க நிறைய பேர் ஒதுக்கிடுறாங்க, சம்மருக்கு ஊர்ல இருந்து வந்திருந்த எங்க அத்தையும் (மாமியார்) முதல்ல ரொம்ப தயங்கினாங்க. ஆனா லண்டன்ல தேம்ஸ் கரையில இருக்குற பழைய பப்கள்ல பகல்ல போய் பாருங்க, பாதி டேபிள்ல குழந்தைங்க, தாத்தா பாட்டின்னு சாப்பிட வந்தவங்கதான். அதுல எது நல்லதுன்னு கேட்டா நான் கண்ண மூடிட்டு வாப்பிங் ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பின்னு சொல்வேன்.

ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கவங்க டிஸ்ட்ரிக்ட் லைன்ல வைட்சேப்பல் வந்து ஓவர்கிரவுண்ட் ட்ரெயின் மாறினா ரெண்டாவது ஸ்டாப் வாப்பிங். இறங்கின உடனே வெளிய ஓடிடாதீங்க, பிளாட்பார்ம் கடைசியில நின்னு பசங்களுக்கு அந்த டனல் வாயைக் காட்டுங்க. புருனெல்ங்கிற இன்ஜினியர் அப்பாவும் மகனும் ஆத்துக்கு அடியில தோண்டி 1843ல திறந்தது, கப்பல் ஓடுற ஆத்துக்கு அடியில உலகத்துலயே முதல் டனல் இதுதான், இன்னைக்கும் ட்ரெயின் அதுக்குள்ளதான் ரோதர்ஹைத் போகுது.

ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷ நடை. 1520 வாக்குல இருந்தே இங்க ஒரு மதுக்கடை இருந்திருக்கு, கடத்தல்காரங்க புழங்கினதால டெவில்ஸ் டேவர்ன்னு பேராம், அப்புறம் விட்பிங்கிற துறைமுக ஊர்ல இருந்து வர்ற ப்ராஸ்பெக்ட்ங்கிற நிலக்கரிக் கப்பல் எதிர்ல நங்கூரம் போட்டு நிக்கும்னு அந்தப் பேரே நிலைச்சிருச்சு. நடுவுல தீப்பிடிச்சு திரும்பக் கட்டினதுதான் இப்ப இருக்குறது, ஆனா தரையில பதிச்ச பெரிய பெரிய கல்லு மட்டும் பழசுதான்னு சொல்றாங்க. கப்பல் பாய்மரத்தையே தூணா நட்டு, பழைய பீப்பாய் மேல வெள்ளீயத் தகடு போட்டு பார் கவுண்டர் பண்ணிருக்காங்க. எங்க அத்தை அந்தக் கவுண்டரைத் தடவித் தடவி பாத்தாங்க, தயக்கமெல்லாம் அங்கயே போயிடுச்சு.

பசங்களுக்கு பிடிச்சது பின்னாடி ஆத்து மண்ணுல நிக்கிற தூக்குமரம். அது சும்மா நினைவுக்கு வச்சதுதான், ஆனா கடற்கொள்ளைக்காரங்களைத் தூக்குல போட்ட எக்ஸிக்யூஷன் டாக் இந்த வாப்பிங் கரையிலதான் இருந்துச்சு, மூணு தடவை அலையேத்தம் மூழ்கடிக்கிற வரைக்கும் பிணத்தை அப்படியே விடுவாங்களாம். கேப்டன் கிட்ங்கிற கடற்கொள்ளைக்காரரை 1701ல இங்க தூக்குல போடும்போது முதல் தடவை கயிறு அறுந்து விழுந்து, மறுபடியும் ஏத்திருக்காங்க. அவர் பிடிச்ச பெரிய கப்பல் எங்கன்னு நினைக்கிறீங்க, நம்ம மலபார் கரைக்கு வெளிய, 1698ல, பட்டும் மஸ்லினும் ஏத்திட்டு வந்தது! இதைச் சொன்னதும் எங்க பெரியவன் போன்ல மேப்பைத் திறந்து கொச்சி எங்க, வாப்பிங் எங்கன்னு தேட ஆரம்பிச்சுட்டான்.

போற நேரம்தான் ரொம்ப முக்கியம், தண்ணி வத்துற நேரமா பாத்து போங்க. இங்க தேம்ஸ் 6, 7 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும், அதனால ஏத்தத்துல போனா சுவரை மோதுற தண்ணி மட்டும்தான், இறக்கத்துல போனா பக்கத்துச் சந்து வழியா பெலிகன் ஸ்டேர்ஸ்ல இறங்கி கரையிலயே நடக்கலாம். படி பாசி பிடிச்சு வழுக்கும், சின்னப் பசங்க கையை விடாதீங்க. பழைய களிமண் பைப் துண்டெல்லாம் கண்ணுல படும், பாக்கலாம், ஆனா ஆத்தை நிர்வாகம் பண்ற போர்ட் ஆஃப் லண்டன் அத்தாரிட்டியோட பெர்மிட் இல்லாம எடுக்கக் கூடாது, இதை முன்னாடியே பசங்ககிட்ட சொல்லி வச்சிருங்க. தண்ணி திரும்ப ஆரம்பிச்சா மேல வந்துடணும், ஏறுறது ரொம்ப வேகம்.

சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, மீனு மொறுமொறுன்னு, உள்ள வெள்ளையா பூ மாதிரி உதிர்ந்துச்சு, கூட பச்சைப் பட்டாணி மசியல். நம்ம நாக்குக்கு உப்பு காரம் கம்மிதான், வினிகரை தாராளமா ஊத்திக்கோங்க. சைவம் சாப்பிடுறவங்க இருந்தா சிப்ஸும் மீனும் ஒரே எண்ணெயிலயா பொரிக்கிறாங்கன்னு ஆர்டர் பண்றப்பவே கேட்டுக்கிறது நல்லது. விலை ஆத்தங்கரை விலைதான், ஆனா மேல பால்கனியில உக்காந்து கேனரி வார்ஃப் கட்டடங்களையும் எதிர்க்கரை ரோதர்ஹைத்தையும் பாத்துட்டு ரெண்டு மணி நேரம் நிம்மதியா பேசிட்டிருக்கலாம்.

வெயில் அடிக்கிற சனி ஞாயிறுன்னா டேபிள் புக் பண்ணிட்டு போங்க, குழந்தைங்களோடன்னா மத்தியானமே போயிடுங்க, சாயங்காலம் ஆக ஆக ஆபீஸ் கூட்டம், நண்பர்கள் கூட்டம்னு நிக்கக்கூட இடம் இருக்காது.