"டைவர்ஸ் ஆயிடுச்சு" என்று பேப்பர் காட்டினால் முழுதாகப் படித்துப் பாருங்கள்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்களே, மாப்பிள்ளை டைவர்ஸ் ஆனவர் என்றால் இதைப் படித்துவிட்டு முகூர்த்தம் குறியுங்கள்.

என் தங்கச்சிக்குப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. முதல் கல்யாணம் ஒத்துவரவில்லை, மியூச்சுவலில், அதாவது இரண்டு பேரும் சம்மதித்து, பிரிந்துவிட்டார்கள் என்றார் தரகர். பேப்பர் கேட்டோம், கோர்ட் சீல் போட்ட ஆர்டர் ஒன்றைக் காட்டினார்கள், அவர்களுடைய வக்கீலும் போனில் "ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க, தாராளமா நடத்துங்க" என்றார். கோயிலில் தாலி கட்டியாயிற்று. அப்புறம் பஞ்சாயத்தில் பதியப் போனால், அங்கே இருந்த அம்மா பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது விவாகரத்துத் தீர்ப்பே இல்லை, வழக்கை ஒத்திவைத்த ஆர்டர் என்கிறார். மாப்பிள்ளைக்கு அது முன்னமே தெரியும். வக்கீலுக்கும் தெரியும்.

இந்து திருமணச் சட்டம் 13பி படி மியூச்சுவல் டைவர்ஸ் என்பது இரண்டு கட்டம். மனு போட்டு ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் மறுபடி வந்து சம்மதம் சொன்னால்தான் தீர்ப்பு. அந்த ஆறு மாதத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஆனால் அதற்கும் கோர்ட் உத்தரவு வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் யாராவது ஒருவர் சம்மதத்தை வாபஸ் வாங்கினால் டைவர்ஸ் கிடையாது. முதல் மனைவி வாபஸ் வாங்கிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அது அவருடைய உரிமை, என் தங்கச்சியைப் போல அவரும் ஏமாற்றப்பட்டவர்தான்.

"கேஸ் முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்" என்று மாப்பிள்ளை வீட்டார் இன்னமும் சமாதானம் பேசுகிறார்கள். சரியாகாது. முதல் மனைவி இருக்கும்போது கட்டிய தாலி பிரிவு 11 படி ஆரம்பத்திலிருந்தே செல்லாது, நாளைக்கே டைவர்ஸ் கிடைத்தாலும் அது செல்லுபடியாகாது, எங்காவது பதிந்திருந்தாலும்தான். முதல் கல்யாணத்தை மறைத்து இன்னொரு கல்யாணம் செய்தால் ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 82ன் கீழ் 10 வருடம் வரை சிறை. ஏமாந்த இரண்டாவது பெண்ணே புகார் கொடுக்கலாம் என்று 2011லேயே தீர்ப்பு இருக்கிறது.

அதனால் வாட்ஸ்அப் போட்டோ, ஜெராக்ஸ் எதையும் ஏற்காதீர்கள். விவாகரத்துத் தீர்ப்பாணையின் (டிகிரி) சான்றிட்ட நகலையே கேளுங்கள். பேப்பரில் இருக்கும் சிஎன்ஆர் நம்பரை (ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் 16 எழுத்து, எண் அடையாளம்) கோர்ட்டுகளின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டால் வழக்கு முடிந்ததா, நடக்கிறதா என்று காசில்லாமல் தெரிந்துவிடும். நோட்டரி கையெழுத்து வாங்கிய முத்திரைத்தாளில் "தீர்த்துவிட்டோம்" என்று எழுதித் தந்தால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். சமூக வழக்கப்படி தீர்த்துவிட்டதாகச் சொன்னால் அந்த வழக்கத்தைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அது லேசுப்பட்டதில்லை. தீர்ப்பு வந்திருந்தாலும் 90 நாள் அப்பீல் காலம் முடியட்டும். முக்கியமாக, ஒரு தரப்பு வராமலே வந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்றால் நம்ம பக்க வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் அதை ரத்து செய்யக் கேட்டு மற்றவர் மனு போட முடியும்.

தங்கச்சி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். கல்யாணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு ஃபேமிலி கோர்ட்டில் மனு போட்டிருக்கிறோம், ஜீவனாம்சமும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறோம், செல்லாத கல்யாணத்திலும் அதைக் கேட்கலாம் என்று 2025ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. போட்ட நகை இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.