பாதியில் வைக்கத் தாங்குகிற ஊசி: கைக்குழந்தையோடு பின்னல்

பின்னல் ஊசிகளை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள். நூல் எவ்வளவு வழுக்கலாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எனக்கு இந்த இரண்டும் பெரிதாகப் படவில்லை. எந்தக் கண்ணியில் (ஊசியில் நிற்கிற நூல் வளையத்தில்) இருக்கிறோம் என்று பார்க்கக்கூட நேரமில்லாமல், வரிசையின் நடுவில் அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுகிறோம். எப்போதோ திரும்பி வந்து எடுக்கும்போது பின்னல் வைத்தபடியே இருக்கிறதா? மகள் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு ஊசியையும் நூலையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்து வருகிறேன். அவளுக்கு இப்போது ஒன்றரை வயது. நாங்கள் இருப்பது பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில். குளிர்சாதனம் படுக்கையறையில் மட்டும்தான். அதனால் நான் சொல்வதெல்லாம் நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பொருந்துகிற கணக்கு.

ஊசிக்கு முன்னால் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பத்தியம் முடியும்வரை நான் ஊசியைத் தொடவில்லை. தொட அம்மா விடவில்லை. “பச்சை உடம்பும்மா, கண்ணுக்கும் கைக்கும் வேலை வைக்காதே” என்று நூல் பையை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். கை விஷயத்தில் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது கட்டைவிரல் விரிந்து மேலே நிற்கிறது. ஒரு நாளில் எத்தனையோ தடவை அப்படித் தூக்குகிறோம். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைக் கடந்து போகிற தசைநாண்களின் உறை வீங்கி, புட்டிப் பால் மூடியைத் திருகினால்கூடச் சுளீர் என்று இழுக்கும். இதற்கு டி குவெர்வெய்ன் என்று பெயர். ஃப்ரிட்ஸ் டி குவெர்வெய்ன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் 1895இல் இதை விவரித்தார். பிள்ளை பெற்றவர்களுக்கு அடிக்கடி வருகிற வலி இது. பின்னுகிறவர்கள் ஊசியைப் பிடிப்பதும் அதே கட்டைவிரலால்தானே.

எனக்கும் வந்தது. கிளினிக்கில் கட்டைவிரலை அசையாமல் பிடிக்கிற ஒரு பட்டையைக் கொடுத்து, குழந்தையைத் தூக்கும் விதத்தையும் மாற்றச் சொன்னார்கள்: உள்ளங்கை இரண்டும் மேலே பார்க்க, அள்ளியெடுப்பதுபோல. வலி போகும்வரை பின்னல் கிடையாது. அதன் பிறகு இரண்டு பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். நூலை வலக்கையால் வீசிச் சுற்றுவதை விட்டு, இடக்கை விரலில் நூலைத் தாங்கி ஊசியால் கொத்தி எடுக்கிற முறைக்கு வந்தேன். வலது மணிக்கட்டுக்கு அசைவு பாதியாகக் குறைந்துவிட்டது. இன்னொன்று, வலி தொடங்கினால் அந்த வரிசையை முடிக்கப் பார்ப்பதில்லை, அங்கேயே வைத்துவிடுவேன். பாதியில் வைக்கத் தாங்குகிற ஊசி வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குப் பாதிக் காரணம் குழந்தை, மீதிக் காரணம் இந்த மணிக்கட்டு.

சரி, ஊசிக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னிடம் நீளமான நேர் ஊசிகள் ஒரு கட்டு இருக்கின்றன. மகள் மடியில் இருந்தபோது அவை எதற்கும் ஆகவில்லை. நாற்காலிக் கையில் இடிக்கும், பிள்ளையின் தலைப் பக்கம் கூர்முனை போகும், பின்னல் வளர வளர அதன் எடை முழுதும் மணிக்கட்டில் தொங்கும். வட்ட ஊசிக்கு மாறியதும் இந்த மூன்று தொல்லையும் ஒன்றாகப் போய்விட்டது. வட்டமாகப் பின்னத்தான் வட்ட ஊசி என்று நினைக்க வேண்டாம், தட்டையான துணியையும் அதில் முன்னும் பின்னுமாகப் பின்னலாம். இரண்டு சிறிய முனைகள், நடுவில் வளைகிற கேபிள், எடையெல்லாம் மடியில். எழுந்து போக வேண்டுமென்றால் கண்ணிகளைக் கேபிளுக்குத் தள்ளிவிட்டால் போதும். தானாகக் கழன்று விழ அவற்றுக்கு வழியில்லை. ஒரே கையால் இரண்டு நொடியில் முடிகிற வேலை. மறு கையில் பிள்ளை இருக்கிறாள் என்பதை மறக்கக் கூடாது.

கேபிள் நீளம் 80 சென்டிமீட்டர் என்றால் சின்னச் சட்டையிலிருந்து போர்வை வரை எல்லாவற்றுக்கும் வரும். நைலான் கேபிள் சுருண்டுகொண்டு அடம்பிடித்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து நேராக இழுத்துப் பிடித்தால் அடங்கிவிடும். சியாவ்கூ ஊசிகளில் வருகிற சிவப்புக் கேபிள், உள்ளே எஃகு இழைகளும் மேலே நைலான் பூச்சும் கொண்டது, சுருள்வதே இல்லை. விலை கூடுதல்தான், ஆனால் இத்தனை நாள் பயன்படுத்தியதில் மூட்டு இடத்தில் நூல் சிக்கியதே கிடையாது. இணையத்தில் மலிவாக வாங்கிய பெயர் தெரியாத ஒரு செட்டில் இதற்கு நேர் எதிர். முனையும் கேபிளும் சேரும் திருகு தானாகவே தளர்ந்து, அந்த இடுக்கில் நூல் மாட்டிக்கொள்ளும். ஒரு தடவை முனை முழுதாகக் கழன்று நாற்பது கண்ணிக்கு மேல் பிரிந்துபோனது. அந்த செட்டை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எஃகா, மூங்கிலா? இங்கே என் மனம் மாறிக்கொண்டேதான் இருந்தது. எஃகு சத்தம் போடும். தொட்டில் ஆடுகிற அறையில், இரவு நேரத்தில், முனைகள் இரண்டும் உரசுகிற அந்தக் கிளிக் கிளிக் போதும் மகள் கண்ணைத் திறக்க. மூங்கிலில் சத்தமே வராது. கண்ணியையும் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் கேபிளுக்குத் தள்ள மறந்து ஓடினாலும் பின்னல் நிற்கும். க்ளோவரின் தகுமி மூங்கில் ஊசி இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. கையிலும் இலேசாக இருக்கிறது. ஆனால் பொதுவாக மூங்கிலுக்கு நம் ஊர் ஈரம் ஒத்துக்கொள்வதில்லை. செப்டம்பர், அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் பருத்தி நூல் மூங்கிலில் ஒட்டுகிற மாதிரி இழுக்கும், வியர்த்த கையோடு பின்னினால் இன்னும் மோசம். அதனால் முதல் ஆறு மாதம் மூங்கில், மகள் நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகு பகலில் எஃகு என்று பிரித்துக்கொண்டேன். முலாம் பூசிய மலிவு உலோக ஊசிகளைத் தவிர்த்துவிடலாம். வியர்வையில் பூச்சு உரிந்து வெளிர் நூலில் கறை விடும்.

இந்த இடத்தில் என் அத்தை சொல்வதையும் சொல்லியாக வேண்டும். அவர் குரோஷே போடுகிறவர், அதாவது ஒரே ஒரு கொக்கி ஊசியால் பின்னுகிறவர். “ஒரே ஒரு கண்ணிதானே திறந்திருக்கு, அதைக் கொஞ்சம் பெரிசா இழுத்து விட்டுட்டா வீடே இடிஞ்சாலும் பிரியாது. ஏம்மா உனக்கு இத்தனை ஊசி?” பாதியில் வைப்பதை மட்டும் பார்த்தால் குரோஷே பின்னலை வென்றுவிடுகிறது, அதில் சந்தேகமே இல்லை. இதுவரை ஒரு பின்னலும் தெரியாதவர், கைக்குழந்தையோடு ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறார் என்றால் குரோஷேயைத்தான் சொல்வேன். நான் ஊசியை விடாததற்குக் காரணம் துணி. ஊசிப் பின்னல் மெல்லியதாக, இழுபடுகிறதாக, உடம்போடு விழுகிறதாக இருக்கும். அதே அளவு துணிக்குக் குரோஷே கூடுதல் நூல் கேட்கும். நம் வெக்கையில் குழந்தைக்கு மெல்லிய துணிதான் வேண்டும்.

நூல் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனால் புடவையும் துணியும் மலைபோல் கிடைக்கும், நல்ல பின்னல் நூலுக்கு நான் பெரும்பாலும் ஷோப்பியைத்தான் நம்பியிருக்கிறேன். குழந்தைக்குப் பருத்தி, அதுவும் முறுக்கு இறுக்கமான பருத்தி. முறுக்கு தளர்ந்த நூலில் மங்கல் வெளிச்சத்தில் ஊசி இழைகளுக்கு நடுவே புகுந்து பிளந்துவிடும், அடுத்த நாள் பகலில்தான் தெரியும். அடர் நீலம், கறுப்பு எல்லாம் இரவு வேலைக்கு வேண்டாம், கண்ணியே கண்ணுக்குத் தெரியாது. மில்க் காட்டன் என்று விற்கிற நூல் தொடுவதற்கு அருமையாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் லேபிளைப் படித்துப் பாருங்கள், பலவற்றில் அக்ரிலிக் கலந்திருக்கும். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, கழுத்து மடிப்பில் வேர்க்குரு வரும் பிள்ளைக்கு அது சரிவராது. பருத்திக்கும் ஒரு குறை உண்டு: இழுவை கிடையாது. கம்பளியும் அக்ரிலிக்கும் கைக்கு வளைந்துகொடுக்கும், பருத்தி கொடுக்காது, அதனால் கை சீக்கிரம் வலிக்கும். என் மணிக்கட்டு மோசமாக இருந்த நாட்களில் பாதி பருத்தி, பாதி அக்ரிலிக் நூலில் எனக்காக ஏதாவது பின்னுவேன், குழந்தைக்குரியதைத் தள்ளிவைப்பேன். எந்தப் பருத்தியானாலும் ஒரு சின்னச் சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து அளந்த பிறகு சட்டையைத் தொடங்குவது நல்லது, முதல் துவையலில் சுருங்கும்.

என்ன பின்னலாம்? கார்ட்டர் பின்னல், அதாவது எல்லா வரிசையும் நிட் (நேர்க் கண்ணி), பர்ல் (மறுபுறக் கண்ணி) என்பதே இல்லை. எந்தப் பக்கம் எடுத்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான், எண்ண வேண்டுமென்றால் மேட்டை எண்ணினால் போதும், ஒரு மேடு இரண்டு வரிசை. அதிலும் மூலைக்கு மூலை சதுரம் ரொம்ப உதவியாக இருந்தது. நான்கு கண்ணியில் தொடங்கி ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று கூட்டிக்கொண்டே போய், வேண்டிய அகலம் வந்ததும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தால் சதுரம் முடிந்தது. 4 மில்லிமீட்டர் ஊசி, 8 பிளை (மிதமான தடிமன்) பருத்தி. பால் குடித்ததும் தோளில் போட, வாய் துடைக்க, பிறகு பாத்திரம் துடைக்க என்று அவை இன்னும் வீட்டில் உழைக்கின்றன.

கர்ப்பத்துக்கு முன் தொடங்கி நின்றுபோன வேலைகளில் ஒரு லேஸ் சால்வையும் இருந்தது. அதைத் திரும்ப எடுக்க வழி செய்தது இரண்டு விஷயம். பைக்குள் ஒரு காகிதத்தில் ஊசி அளவையும் கடைசியாக முடித்த வரிசையையும் எழுதி வைத்திருந்தேன். அப்புறம், முடித்த வரிசை முழுதும் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றைக் கோத்துவிடுவது. மேலே எது பிரிந்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும். பல் இடுக்குச் சுத்தம் செய்கிற மெழுகில்லா இழை இதற்கு நன்றாக வரும். முனை மாற்றுகிற ஊசிகளில் திருகை இறுக்க ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளையில் இழையைக் கட்டிவிட்டுப் பின்னினால் ஊசி போகப் போக அதுவே கோத்துக்கொண்டு வரும். தனியாக உட்கார்ந்து கோக்க வேண்டியதில்லை. இது தெரிந்த பிறகுதான் சால்வை நகர ஆரம்பித்தது. பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது (தனியார் துறையில் 2023 ஜனவரி முதல் 98 நாள் ஆகியிருக்கிறது, அது எனக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது) பஸ்ஸில் நான் பின்னியது அந்தச் சால்வையைத்தான்.

மகள் தவழ ஆரம்பித்ததும் பையில் இருந்த பாதிச் சாமான் வெளியேறியது. கண்ணி அடையாள வளையங்கள், முனைக்கு மாட்டுகிற ரப்பர் மூடிகள், ஊசியில் கோத்து வரிசை எண்ணுகிற உருளை, எல்லாமே குழந்தையின் தொண்டையில் சிக்குகிற அளவு. இப்போது அடையாளத்துக்கு வேறு நிற நூலில் ஒரு முடிச்சு வளையம் போதும். எண்ணுவதற்குப் பத்து வரிசைக்கு ஒரு முறை அந்த நூலைப் பின்னலில் முன்னும் பின்னும் இழுத்துவிடுகிறேன். பைக்கு ஜிப் கட்டாயம், தொங்கவிட உயரமான கொக்கியும் வேண்டும்.

பிள்ளைக்காகப் பின்னுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முதல் வயது முடியும்வரை தூங்குகிற குழந்தையின் மேல் தளர்வான போர்வை போடக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை, வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியும் வேண்டாம். ஆசையாகப் பின்னிய போர்வையைத் தரையில் விரித்துக் கவிழ்ந்து விளையாட விடலாம், தள்ளுவண்டியில் விழித்திருக்கும்போது மடியில் போடலாம். காலுறையிலும் கையுறையிலும் ஓட்டை வைத்த லேஸ் வேண்டவே வேண்டாம். உள்பக்கம் தொங்குகிற ஓர் இழை சின்ன விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்றுபோகும். உள்பக்க நூல் நுனிகளை நீளமாக விட்டு நன்றாகக் கோத்து மறைத்துவிடுங்கள். பொத்தானுக்குப் பதில் பின்னிய கயிறும் வேண்டாம், தோளில் மடிந்து மூடுகிற கழுத்து வைத்தால் இரண்டுமே தேவைப்படாது.

தொடங்குகிறவர்கள் பெரிய செட் எதையும் வாங்க வேண்டாம். 4 மில்லிமீட்டர், 80 சென்டிமீட்டர், மூங்கில் முனை வட்ட ஊசி ஒன்று, வெளிர் நிறப் பருத்தி இரண்டு பந்து, இது முதல் ஆறு மாதத்துக்குத் தாராளம். முனை மாற்றுகிற செட் வாங்குவதாக இருந்தால், கேபிள் நுனிக்கு அடைப்பு வருகிறதா என்று பாருங்கள். ஒரு வேலையை அடைப்புப் போட்டு நிறுத்திவிட்டு அதே முனையை இன்னொன்றுக்கு எடுக்கலாம் என்பதுதான் அதன் உண்மையான பயன்.

என் ஊசியில் இப்போது இருப்பது மெரினோ கம்பளியில் மகளுக்கு ஒரு ஸ்வெட்டர், டிசம்பரில் கேமரன் மலைக்குப் போகிறோம். கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுகிற வகை, நடுநடுவே அவளுக்கே போட்டுப் பார்க்கலாம். உடல் பகுதி முடிந்துவிட்டது, கைகள் பாக்கி. அதற்குள் வளர்ந்துவிட்டால் கீழ் விளிம்பைப் பிரித்து இன்னும் சில வரிசை சேர்க்க வேண்டியிருக்கும், அதற்கென்று அதே நிறத்தில் ஒரு பந்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.