தாடைச் சீரமைப்புக்குத் திட்டமிட: விஆர் ஹெட்செட்டா, ஏஆர் கண்ணாடியா?

வாய்ப்புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் கீழ்க்காலின் மெல்லிய எலும்பான ஃபிபுலாவை ரத்தக்குழாயோடு எடுத்துப் பொருத்துவது இன்று வழக்கம். 1989-இல் ஹிடால்கோ என்ற அறுவை மருத்துவர் தாடைக்கு இதைச் செய்து காட்டினார். நேரான எலும்பைத் துண்டுபோட்டுத் தாடையின் வளைவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால், எங்கே, எந்தச் சாய்வில் வெட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்கிறோம். காரைக்குடியில் உட்கார்ந்து திட்டம் போட்டு, அறுவைக்கு மதுரை போகிறவன் நான். கண்ணை மூடி முழுக்கக் கணினிக் காட்சிக்குள் கொண்டுபோகும் விஆர் ஹெட்செட், எதிரே இருப்பதன்மேலேயே படத்தைக் காட்டும் ஏஆர் கண்ணாடி, இரண்டையும் பார்த்துவிட்டு விஆர் பக்கம் வந்துவிட்டேன்.

விலையில் பேச்சே இல்லை. வெளிவந்தபோது குவெஸ்ட் 3 ஹெட்செட் 499 டாலர், ஹோலோலென்ஸ் 2 கண்ணாடி 3,500 டாலர். இரண்டுக்கும் சிடி ஸ்கேனிலிருந்து எலும்பையும் குழாயையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் வேலை ஒன்றுதான். 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் போதும், பொறுமைதான் நிறைய வேண்டும்.

விஆரில் ஃபிபுலா கைக்குள் வந்துவிடுகிறது. பின்பக்கம் திருப்பி, அதற்கு ரத்தம் தரும் பெரோனியல் தமனி எலும்பை ஒட்டி இறங்கும் வழியைப் பார்த்து, குழாய்க்கு இடைஞ்சல் இல்லாத பக்கத்திலிருந்து வெட்டுத்தளத்தைச் சாய்க்கலாம். பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு மறுபடி. தட்டையான திரையிலும் இதைச் செய்யலாம்தான், ஆனால் ஆழம் மனதில் ஏறாது.

ஏஆரின் கவர்ச்சி வேறு. அறுவை மேசையில் நோயாளியின் கால்மேலேயே குழாய் தெரியும் என்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு காலின் சீரமைப்பு அறுவைகளில் ஹோலோலென்ஸை இப்படிப் பயன்படுத்தி 2018-இல் எழுதியது. ஆனால் படம் கால்மேல் சரியாக உட்கார வேண்டுமே, எனக்கு இடிப்பது அங்கேதான். சிடி எடுக்கும்போது கால் நீட்டியிருக்கும், மேசையில் முழங்கால் மடங்கியிருக்கும். எலும்பு எலும்பாகவே இருந்தாலும் தசையும் தோலும் நகர்ந்துவிடும். தோலுக்கு வரும் சிறு குழாய்கள் அதோடு நகரும். போதாததற்கு ஹோலோலென்ஸின் படம் சுமார் 2 மீட்டர் தூரத்தில் குவிகிறது, என் கை இருப்பதோ அரை மீட்டரில். கண் எதைப் பிடிக்கும்? ஆத்தங்குடி வீட்டு நிலைக்கதவு மாதிரி, ஒரு நூல் தப்பினாலும் மூடாத வேலை இது. சிறு குழாயைத் தேட இன்னும் ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கை டாப்ளர் கருவியின் 'உஷ், உஷ்' சத்தத்தைத்தான் நம்புகிறேன். ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பு 2024-இல் நின்றுவிட்டது என்பது தனி.

கண்குழி, மண்டை போல எலும்பு அசையாத இடங்களில் ஏஆர் நன்றாகப் பொருந்தலாம். நான் அங்கே அதைப் போட்டுப் பார்த்ததில்லை, அடித்துச் சொல்ல மாட்டேன்.

விஆருக்கும் குறை உண்டு. போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். தேவகோட்டை ஆச்சி ஒருவர் கேட்டார்: "தம்பி, கால் எலும்பை எடுத்துட்டா இவுக நடப்பாகளா?" ஹெட்செட்டை அவர் தலையில் மாட்டிப் பயனில்லை. பிளாஸ்டிக்கில் அச்சடித்த எலும்பைக் கையில் கொடுத்து, "எடை தாங்குறது பக்கத்துப் பெரிய எலும்பு ஆச்சி. இதுலயும் முட்டிப் பக்கமும் கணுக்கால் பக்கமும் விட்டுட்டு நடுவுலதான் எடுப்போம்" என்றேன். டைட்டானியம் தகட்டை முன்னதாகவே வளைத்துப் பார்க்கவும் அச்சு மாதிரிதான் வேண்டும். அதனால் விஆரில் திட்டம், பிறகு பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் ஓர் அச்சு என்று வைத்திருக்கிறேன். பிஎல்ஏவை, சூடான நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டுவிடாதீர்கள், 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும்.