பழைய கப்பல் வாங்குறதுக்கு முன்னாடி தனி சர்வேயர் வச்சுப் பாத்தோம், காசுக்கு ஒர்த்தா?

தூத்துக்குடில இருந்து மாலத்தீவுக்கு சரக்குத் தோணி ஓட்டுற குடும்பம் எங்களோடது. தென்மேற்கு காத்து சீசன் வந்துட்டா தோணிய கட்டிப் போட்டுட்டு சும்மா உக்காரணும், அதனால சித்தப்பாவும் நானும் செகண்ட் ஹேண்ட்ல சின்னதா ஒரு இரும்புக் கப்பல் தேடிட்டு இருந்தோம். சிங்கப்பூர் ஆங்கரேஜ்ல, அதாவது நங்கூரம் போட்டு நிக்கிற எடத்துல, நின்ன ஒண்ணு விலைக்கு ஒத்து வந்துச்சு. புரோக்கர் என்ன சொன்னாருன்னா, கிளாஸ் சர்டிபிகேட் (கிளாஸ்னா கப்பலோட தரத்த சோதிச்சு சான்று குடுக்குற அமைப்பு) எல்லாம் லைவா இருக்கு, அப்புறம் எதுக்கு தனி சர்வேயர் வீண் செலவு, வேணும்னா எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காருன்னு. விக்கிறவனுக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல நிக்கிறவரு சொல்ற ஆள நாம எப்படி வைக்க முடியும்? நாங்களே விசாரிச்சு, ரிட்டயர்ட் சீஃப் இன்ஜினியர் ஒருத்தர புடிச்சோம். அவரு பேர இங்க போடல.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இந்த வியாபாரம் பெரும்பாலும் நார்வீஜியன் சேல்ஃபார்ம்னு ஒரு காண்ட்ராக்ட்ல தான் நடக்கும். இன்ஸ்பெக்ஷன் முடிச்சு ஓகே சொல்லிட்டா அவ்வளவு தான், அப்புறம் இது ஓட்ட அது துருன்னு பின்வாங்குனா வழக்கமா கட்டுற 10% டெபாசிட் அம்போ. அதுலயும் எதையும் பிரிச்சுப் பாக்காம தான் பாக்கணும்னு ஷரத்து இருக்கு. அதனால நம்மாளு முன்கூட்டியே மெயில் போட்டு பாலாஸ்ட் டாங்க் (கப்பல் நிலையா நிக்க கடல் தண்ணி நிரப்புற தொட்டி) மேன்ஹோல திறந்து காத்து விட்டு வைங்கன்னு ஓனர்கிட்ட சம்மதம் வாங்கிட்டாரு. இது தெரியாத ஆளா இருந்தா டெக்க சுத்திப் பாத்துட்டு டீ குடிச்சுட்டு எறங்கிருப்பாரு.

கப்பலுக்குக் கூட்டிட்டுப் போற லாஞ்ச் போட்டுல ஏறுறதுக்கு முன்னாடியே, பேரு மாறுனாலும் மாறாத ஐஎம்ஓ நம்பர வச்சு, ஈக்வாசிஸ்ங்கிற கப்பல் தகவல் வெப்சைட்ல பழைய பேரு, பழைய ஓனரு, எந்த போர்ட்ல குறை இருக்குன்னு டிடெய்ன் பண்ணி நிறுத்தி வச்சாங்க எல்லாத்தையும் எடுத்துட்டாரு. அது ஃப்ரீ தான், யாரு வேணாலும் பாக்கலாம். இன்னொண்ணும் சொன்னாரு, 5 வருஷத்துக்கு ஒரு தடவ கிளாஸ் பண்ற பெரிய சோதனை, ஸ்பெஷல் சர்வே, பக்கத்துல இருக்கு, தகடு மாத்துற செலவு தலையில விழுறதுக்கு முன்னாடி தள்ளிவிடப் பாப்பாங்க அண்ணாச்சின்னு.

கப்பல்ல ஏறுனா பளபளன்னு புதுப் பெயிண்ட். சித்தப்பாவுக்கு அப்பவே மனசு குளிர்ந்துருச்சு. இவரு நேரா டாங்க்குக்குப் போயி மீட்டர்ல ஆக்சிஜன் 20.9%, அதாவது வெளிக் காத்துல இருக்குற அளவு, காட்டுன பிறகு தான் உள்ள எறங்குனாரு. பலாப்பழத்த தட்டிப் பாக்குற மாதிரி சுத்தியல வச்சு ஃப்ரேம் ஃப்ரேமா தட்டிட்டே போறாரு, சில இடத்துல கணீர்னு சத்தம், சில இடத்துல பொத்துன்னு ஒரு சத்தம் வந்து உள்ளங்கை அளவுக்கு துருப் பாளம் பொலபொலன்னு உதிருது. அங்க எல்லாம் ஜெல் தடவி திக்னஸ் மீட்டர வச்சாரு. ஒரிஜினல் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தகடு ஓரிடத்துல 7.6 காட்டுச்சு. பொதுவா கால்வாசி தேஞ்சா மாத்தச் சொல்லிருவாங்க, கிளாஸுக்கு கிளாஸ் கணக்கு மாறும்னாரு, அதாவது இன்னிக்கு சர்டிபிகேட் லைவா இருக்கலாம், அடுத்த சர்வேல நம்ம தலைல விடியும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது இன்ஜின் ரூம்ல பண்ணது. ஆயிலி வாட்டர் செப்பரேட்டர் (கழிவுத் தண்ணில இருந்து எண்ணெய பிரிக்கிற மெஷின்) பக்கத்துல டார்ச் அடிச்சு, பைப்புகள சேக்குற ஃப்ளேஞ்ச் போல்ட்ட மட்டும் உத்துப் பாத்தாரு, சுத்தி எல்லா போல்ட்டும் பெயிண்ட்ல ஒட்டிக் கெடக்கு, அங்க மட்டும் ஸ்பேனர் பட்ட கீறல் பளிச்சுன்னு தெரியுது. கழிவு எண்ணெய நேரா கடல்ல விட பைப் மாட்டிக் கழட்டிருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது, ஆனா கழிவு எண்ணெய என்ன பண்ணோம்னு எழுதி வைக்கிற ஆயில் ரெக்கார்ட் புக்க நம்பாதீங்கன்னாரு. சரக்கு அறைக்கு மேல போடுற மூடி, ஹேட்ச் கவர், அத மூடி உள்ள சத்தம் விடுற அல்ட்ராசோனிக் கருவி வச்சு, வெளிய ஓரமா நடந்து சத்தம் கசியுதான்னு பாத்ததுல ரெண்டு மூலைல ரப்பர் போயிருச்சு. நாங்க சிமெண்டும் அரிசியும் ஏத்துற ஆளுங்க, தண்ணி எறங்குனா முடிஞ்சுது கதை.

இப்ப குறை. ரிப்போர்ட் சொன்ன தேதிக்கு வரல, இங்க புரோக்கர் தினமும் போன் போட்டு வேற பார்ட்டி நிக்குதுன்னு மெரட்டிட்டு இருக்கான். வந்த பிறகும் போட்டோ குவிச்சு வச்சிருக்காரு, எது எந்த டாங்க்னு பாதிக்கு கேப்ஷன் இல்ல. மெயின் இன்ஜின் லைனர் (பிஸ்டன் ஓடுற உருளையோட உள் உறை) பத்தி "பிரிச்சுப் பாக்கல, ரெக்கார்ட் படி சரி"ன்னு ஒத்த வரி தான். பிரிக்க விடமாட்டாங்கங்கிறது சரி, ஆனா இன்ஜின் ஆயில் லேப் ரிப்போர்ட்டையும், கிராங்க்ஷாஃப்ட் எவ்வளவு வளையுதுன்னு காட்டுற டிஃப்ளெக்ஷன் ரெக்கார்டையும் வச்சு இன்னும் கொஞ்சம் விளக்கிருக்கலாம்ல. ஃபீஸ் நாள் கணக்கு, டிக்கெட், ஹோட்டல், லாஞ்ச் எல்லாம் தனி.

ஆனா திக்னஸ் ரீடிங்க டேபிளா போட்டுக் குடுத்தாரு பாருங்க, அத நீட்டுன உடனே புரோக்கர் வாயத் தொறக்கல. விலைல குறைச்ச தொகை அவரு ஃபீஸ விட பல மடங்கு, ஹேட்ச் ரப்பரும் ஓனர் செலவுலயே மாத்திக் குடுத்துட்டான். 5-க்கு 4 குடுப்பேன். அடுத்த கப்பலுக்கும் இவரத்தான் கூப்புடுவேன், ரிப்போர்ட் தேதிய மட்டும் எழுதி வாங்கிக்கிட்டு.