ஃபேன் சத்தம் அளக்க: டக்ட் சுவரில் வளையமா, எதிரே சுருள் பலகையா?

விமான எஞ்சின் ஃபேனின் சின்ன மாடல் ஒன்றைக் கோவைப் பக்கத்துக் கல்லூரி லேபில் ஓட்டி அளக்கப் போகிறீர்கள். அளக்க இரண்டு வழி: ஃபேன் இருக்கும் குழாயின் (டக்ட்) சுவரில் சுற்றிலும் மைக்குகளைப் பதிக்கும் வளையம்; அல்லது மைக்குகளைச் சுருள் வடிவில் அடுக்கி வெளியே நிறுத்தும் பலகை. கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வளையத்தையே எடுங்கள்.

600 மி.மீ. டக்ட், 16 இறக்கை, பின்னால் 14 ஸ்டேட்டர் வேன் (சுழலாத இறக்கை), 3000 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். இறக்கை கடக்கும் அதிர்வெண் 16 × 50 = 800 ஹெர்ட்ஸ்; அலைநீளம் 43 செ.மீ. ஒரு மீட்டர் அகல மைக் பலகையை 3 மீட்டர் தள்ளி நிறுத்தினால், பீம்ஃபார்மிங் (பல மைக் பதிவுகளைச் சேர்த்து, சத்தம் வரும் இடத்தைப் படமாக்கும் கணக்கு) பிரித்துக் காட்டும் இடைவெளி சுமார் 1.6 மீட்டர். டக்ட் வாயே 60 செ.மீ.தான், படத்தில் ஒரே சிவப்புத் திட்டுதான் தெரியும். 5000 ஹெர்ட்ஸில் அது 25 செ.மீ. ஆகிவிடும். அங்கேதான் பலகைக்கு மவுசு: பக்கவாட்டில் வைத்தால் இரைச்சல் வாயிலிருந்து வருகிறதா, மோட்டாரிலிருந்தா, கசியும் ஃபிளாஞ்சிலிருந்தா (குழாய் இணைப்பு விளிம்பு) என்று சொல்லிவிடும்.

வளையம் இடத்தைத் தேடாது, மோடை எண்ணும்; அதாவது டக்ட்டைச் சுற்றி ஒலியழுத்தம் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று பார்க்கும். டைலர், சாஃப்ரின் 1962-இல் தந்த விதிப்படி, இறக்கை எண்ணிக்கையின் மடங்கிலிருந்து வேன் எண்ணிக்கையின் மடங்கைக் கழித்தால் மோடு எண். 800 ஹெர்ட்ஸில் 16 − 14 = 2. மூன்றாம் மடங்கான 2400-இல் (3 × 16) − (4 × 14) = 48 − 56 = −8. காசை மிச்சம் பிடிக்க 12 மைக்கோடு நிறுத்தினால் இந்த −8, +4 ஆக வேஷம் போட்டு வரும். 24 மைக் வைத்தால் ±11 வரை பயமில்லை.

துளைக்கு 15 டிகிரி இடைவெளி. ஹெச்.எம்.சி. (கிடைமட்டக் கணினி எந்திரம்) உள்ள பட்டறையில் கொடுத்து ரீமர் விட்டுத் துளையைத் துல்லியமாக்கச் சொல்லுங்கள். கோவையில் அதற்கு ஆளா இல்லை! மைக் முகம் சுவரோடு சமமாக இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் காற்று அதில் மோதித் தனிச் சத்தம் எழுப்பும்; உள்ளே போனால் குழி ஒத்ததிரும். 94 டெசிபல் கேலிபரேட்டர் ஒலி அளவை மட்டும்தான் சரிசெய்யும், ஃபேஸை (அலை முந்துகிறதா பிந்துகிறதா என்பதை) அல்ல. ஒவ்வொரு மைக்கையும் ஒரே ரெஃபரன்ஸ் மைக்கோடு ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால் இல்லாத மோடெல்லாம் முளைக்கும்.

வளையத்தின் குறை, சுவரோரக் காற்றின் கொந்தளிப்பு. ஃபேனின் அகலப்பட்டை இரைச்சலை (பல அதிர்வெண்களில் பரவிய சத்தத்தை) அது மூடி மறைத்துவிடும். சுற்றுக்கு ஒரு பல்ஸ் எடுத்து, அதோடு ஒத்திசைத்துச் சராசரி போட்டால் டோன்கள் (ஒரே அதிர்வெண்ணில் நிற்கும் சத்தங்கள்) மட்டும் மேலே வரும். பலகையில் இதே தொல்லைக்கு மைக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்தை (மைக் தன்னோடு தானே ஒப்பிடும் எண்களை) நீக்கிவிட்டால் பெரும்பாலும் போதும்.

திறந்த வெளியில் ஓட்டுவதானால் ஆடிக் காற்று இரண்டையும் ஏமாற்றும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் கொந்தளிப்பை ஃபேன் உறிஞ்சி, நீளமாக இழுத்து வெட்டும்போது, பறக்கையில் இருக்காத டோன் 800-இல் ஏறும். வாயில் தேன்கூட்டு வலைக் கூடு மாட்டுங்கள். மாட்டியும் 800-இல் 2-ஐத் தவிர 1, 3 மோடுகளும் தூக்கலாக நின்றால், காற்று இன்னும் சீராக நுழையவில்லை. பலகையில் அது வெறும் கூடுதல் டெசிபலாகத்தான் தெரியும்.