வேலூர்ப் பிள்ளைக்கு எந்தப் பருவப் படப்புத்தகம்?

வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என நான்கு பருவம் காட்டும் புத்தகங்கள் தாளும் வண்ணமும் அருமையாக இருக்கும். ஆனால் டிசம்பர் பக்கத்தில் பனிமனிதன் நிற்கிறான். வேலூரில் அப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துகொண்டிருக்கும்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரிக்கும் தமிழ்ப் புத்தகம் நம் ஊர் வானத்தோடு ஒத்துப்போகும். வெயில் 40 டிகிரியைத் தாண்டி, கோட்டை மதிலில் கை வைக்க முடியாத நாளில் முதுவேனில் பக்கத்தைத் திறந்துபாருங்கள், பிள்ளைக்குச் சட்டென்று புரியும். மழைப் பக்கம் வந்தால், 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைத் தாத்தா பாட்டியே சொல்வார்கள்.

என் ஓட்டு ஆறு பருவத்துக்குத்தான். மூன்று வயதில் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், படம் போதும். பனிமனிதன் அப்புறம் வரட்டும்.